சட்டத்தைத் திருத்தினால் நுகர்வோருக்கு நியாயம் கிடைத்துவிடுமா?

ஊட்டி மார்க்கெட்டில் கடைக்காரருக்கும் வாங்க வந்தவருக்கும் பேச்சு முற்றினால், "கன்ஸ்யூமர் கோர்ட்ல கேஸ் போட்டுடுவேன்" என்ற வார்த்தை எப்படியும் வந்துவிடும். பக்கத்தில் நிற்கிற யாராவது, "போங்க தம்பி, அந்தச் சட்டமெல்லாம் ஏட்டோட சரி" என்பார்கள். 2019இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முழுதாக மாற்றி எழுதப்பட்ட பிறகும் இந்த இரண்டு பேச்சும் மாறவில்லை. சட்டம் இருந்தாலே நியாயம் தானாக வந்துவிடும் என்று ஒருவர் நம்புகிறார். எத்தனை சட்டம் வந்தாலும் ஒன்றும் நடக்காது என்று இன்னொருவர் முடிவு கட்டிவிட்டார்.

இரண்டு பேருமே அந்தச் சட்டத்தைத் திறந்து பார்க்காமல் பேசுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். திறந்து பார்த்தால், சில இடங்களில் அது நிஜமாகவே நமக்காக, அதிலும் மலையில் இருக்கிற நமக்காக, வேலை செய்கிறது. சில இடங்களில் ஒழுகுகிறது. எங்கே, ஏன் என்பதை முதல்முறை படிப்பவருக்கும் புரியும்படி இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

## ஊற்று நிறைந்தால் தொட்டி நிறையுமா?

நீலகிரியில் பல ஊர்களில் வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். மேலே சோலைக்குள் ஓர் ஊற்று இருக்கும். அங்கிருந்து கருப்பு ஓஸ் போட்டு, தேயிலைச் செடிகளுக்கு இடையே இறக்கி, வீட்டுத் தொட்டி வரை கொண்டுவருவார்கள். ஒரே ஓஸ் அவ்வளவு தூரம் எட்டாது. நடுவில் மூன்று நான்கு இடத்தில் இணைப்பு போட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் ஊற்று பொங்கி வழியும், வீட்டுத் தொட்டி காய்ந்து கிடக்கும். ஏதோ ஓர் இணைப்பு கழன்றிருக்கும், அல்லது காட்டெருமை மிதித்திருக்கும். அப்போது ஊற்றைப் பெரிதாக்கி ஒரு பயனும் இல்லை. ஓஸைப் பிடித்துக்கொண்டே மேலேறி, எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நுகர்வோர் உரிமையும் இப்படித்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. சட்டத்தில் எழுதியிருக்கிற உரிமை ஊற்று. நம் கைக்கு வருகிற பணமோ மாற்றுப் பொருளோதான் தொட்டியில் விழுகிற தண்ணீர். நடுவில் நான்கு இணைப்புகள். நாம் சட்டப்படி நுகர்வோராக இருக்க வேண்டும், அதற்குச் சாட்சியும் வேண்டும். புகார் கொடுக்கிற இடம் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். விசாரணை காலத்தோடு நடக்க வேண்டும். கடைசியாக, வந்த தீர்ப்பு நிறைவேற வேண்டும்.

சட்டத்தைத் திருத்தினார்கள் என்ற செய்தி வந்தால், எந்த இணைப்பைச் சரிசெய்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. புதிதாக எத்தனை உரிமை சேர்த்தார்கள் என்பது அதற்கு அப்புறம்.

## முதல் இணைப்பு: நீங்கள் நுகர்வோரா?

விலை கொடுத்து ஒரு பொருளையோ சேவையையோ தன் சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர் நுகர்வோர். மறுபடி விற்பதற்கோ பெரிய வணிகத்துக்கோ வாங்கினால் இந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் தன் பிழைப்புக்காகத் தானே செய்கிற சுயதொழிலுக்கு வாங்கினால், அவரும் நுகர்வோர்தான்.

நம் ஊரில் இது அதிகம் குழப்பப்படுகிறது. சிறு தேயிலை விவசாயி தன் பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார், விலை கட்டுப்படியாகவில்லை. "கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமே" என்று யாரோ யோசனை சொல்வார்கள். போக முடியாது. அங்கே அவர் விற்பவர். அந்தப் போராட்டத்துக்கு வேறு வழிகள்தான் தேட வேண்டும். அதே விவசாயி தன் தோட்டத்துக்கு, செடிகளை வெட்டிவிடுகிற கவாத்து மிஷின் வாங்கி, அது பத்து நாளில் நின்றுபோனால், அப்போது அவர் நுகர்வோர். விதை விஷயத்தில் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தருகிற அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது, பணம் வாங்குகிற மருத்துவமனை வரும் என்பது 1995இல் வந்த தீர்ப்பு.

சரி, நுகர்வோர்தான் என்றால் அதற்குச் சாட்சி? பில். புதிய சட்டம் பில் கொடுக்க மறுப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்ற பட்டியலில் சேர்த்திருக்கிறது. விற்பதற்காக ஏமாற்று வழியைக் கையாள்வது என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். "விற்ற பொருள் வாபஸ் பெறப்படாது" என்று பல கடைகளில் போர்டு தொங்குகிறதே, பழுதான பொருளுக்கு அது செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது.

ஆனால் சீசன் நேரத்தில் சாக்லேட் கடையில் போய் நின்று பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாக ஹோம்மேட் சாக்லேட். கேட்ட அளவு நிறுத்து, ஒரு வெள்ளைப் பெட்டியில் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டிக் கொடுக்கிறார்கள். பெட்டியில் தயாரித்தவர் பெயர் இல்லை, தேதி இல்லை. கால்குலேட்டரில் தட்டிக் காட்டிய தொகைதான் பில். நம் கண் முன்னால் நிறுத்துக் கொடுக்கிற பொருளுக்கு எம்ஆர்பி அச்சிட வேண்டும் என்ற விதி பொருந்தாது. முன்கூட்டியே பொட்டலம் கட்டி அடுக்கி வைத்திருந்தால் பொருந்தும். 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டமும் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும், தயாரித்தவர் முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை ஆகியவை பொட்டலத்தின் மேலே இருக்க வேண்டும் என்கின்றன. நீலகிரித் தைலம் வாங்கும்போதும் புட்டியைத் திருப்பி இதைத்தான் பார்க்க வேண்டும். பில்லும் இல்லாமல் லேபிளும் இல்லாமல் வாங்கிய சாக்லேட்டுக்கு, சென்னை போய்ச் சேர்ந்தபின் எந்தச் சட்டத்தாலும் பெரிதாக உதவ முடியாது. கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார் என்று நாம் தயங்குகிறோம். தயங்க வேண்டாம். நூறு ரூபாய்க்கு வாங்கினாலும் பில் கேளுங்கள்.

## இரண்டாம் இணைப்பு: தூரம்

2019 சட்டம் மலைவாசிகளுக்குச் செய்த மிகப் பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

1986இல் வந்த பழைய சட்டப்படி, எதிர்த்தரப்பு எங்கே தொழில் செய்கிறதோ அங்கேயோ, பிரச்சினை எங்கே எழுந்ததோ அங்கேயோதான் புகார் கொடுக்க வேண்டும். கம்பெனி டெல்லியில், விற்றவர் பெங்களூரில், பணம் கட்டியது மொபைலில் என்றால் பிரச்சினை எங்கே எழுந்தது? அதைப் பற்றி வாதாடியே காலம் போகும். புதிய சட்டம் ஒரு சின்ன வரியைச் சேர்த்தது: புகார்தாரர் வசிக்கிற இடத்திலோ வேலை பார்க்கிற இடத்திலோ புகார் கொடுக்கலாம். அவ்வளவுதான். பந்தலூரில் இருக்கிறவர் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும், கொடைக்கானலில் இருக்கிறவர் திண்டுக்கல் ஆணையத்திலும் கொடுக்கலாம். நாம் கன்ஸ்யூமர் கோர்ட் என்று சொல்வது இந்த ஆணையத்தைத்தான். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மூன்று படியாக இது இருக்கிறது.

எந்தப் படியில் கொடுப்பது என்பதிலும் ஒரு மாற்றம் வந்தது. முன்பு பொருளின் விலையோடு நாம் கேட்கிற இழப்பீட்டையும் கூட்டிக் கணக்குப் போடுவார்கள். இப்போது நாம் கொடுத்த விலை மட்டும்தான் கணக்கு. 2021 டிசம்பரில் வந்த விதிப்படி 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். சாதாரணக் குடும்பம் வாங்குகிற எதுவும் பெரும்பாலும் மாவட்டத்துக்குள் அடங்கிவிடும். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இணையத்திலேயே புகாரைப் பதியலாம். அதற்கான இ-ஜாக்ரிதி என்ற தளம் 2025 ஜனவரி 1 முதல் இருக்கிறது.

ஒரே ஓர் இடத்தில் தூரம் திரும்பவும் உள்ளே நுழைந்துவிட்டது. புதிய சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்தது. ஒருதலைப்பட்சமாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிற ஒப்பந்தம் அது. ரிசார்ட் மெம்பர்ஷிப் என்று சொல்லி, நம் இஷ்டத்துக்கு விலக முடியாதபடியும், அவர்கள் நினைத்தால் ரத்து செய்யும்படியும் எழுதி வைப்பது போன்றவை. இதைத் தட்டிக் கேட்க உரிமை தந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் அந்தப் புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்துக்கோ தேசிய ஆணையத்துக்கோதான் போக வேண்டும். மாநில ஆணையத்தின் தலைமையிடம் சென்னை. ஐம்பதாயிரம் ரூபாய் மெம்பர்ஷிப்புக்காகச் சென்னை வரை யார் அலைவார்கள்? ஊற்றைப் பெரிதாக்கிவிட்டு இணைப்பு போட மறந்த கதை இது.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: பில்லும் லேபிளும் இருந்தால் முதல் இணைப்பு நிற்கும். சொந்த மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்ற திருத்தத்தால் இரண்டாம் இணைப்பு பெருமளவு சரியானது, ஒப்பந்த விஷயம் நீங்கலாக.

## ஒரு கீசரின் கதை

இனி இதை ஓர் உதாரணத்தில் ஓட்டிப் பார்ப்போம். கோத்தகிரி பக்கம் ஓர் அக்கா, இணையத்தில் 7,800 ரூபாய்க்கு ஒரு கீசர் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருட வாரண்டி, வீட்டுக்கே வந்து சர்வீஸ் என்று பக்கத்தில் போட்டிருந்தது. மூன்றாவது வாரம் அடியில் ஒழுக ஆரம்பித்தது. கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால், "உங்க பின்கோடுக்கு சர்வீஸ் இல்லை மேடம், கோயம்புத்தூர் சென்டருக்குக் கொண்டுவாங்க" என்றார்கள். டெலிவரி செய்ய வழி இருந்த பின்கோடுக்கு சர்வீஸ் செய்ய வழியில்லை. மலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பதில் புதிதல்ல.

இங்கே சட்டக் கண்ணில் இரண்டு தவறு. கீசர் ஒழுகுவது பொருளின் குறைபாடு. வாக்குக் கொடுத்த சர்வீஸைச் செய்யாதது சேவைக் குறைபாடு. ஒருவேளை கீசர் வெடித்து யாருக்காவது காயம் பட்டிருந்தால் மூன்றாவதாக ஒன்று சேரும்: பொருள் பொறுப்பு. பழுதான பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு வந்தால் தயாரித்தவரும், சில நிலைகளில் விற்றவரும் இழப்பீடு தர வேண்டும் என்பதே அது. 2019 சட்டம் இதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியது.

அக்கா முதலில் செய்ய வேண்டியது எழுத்தில் புகார். போனில் எத்தனை தரம் கத்தினாலும் அது பதிவாகாது. 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு இணைய விற்பனைத் தளமும் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததாகத் தகவல் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அதிகாரியின் பெயர், மின்னஞ்சல் தளத்திலேயே எங்காவது கீழே இருக்கும். அடுத்து 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அது நீதிமன்றம் அல்ல, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருகிற இடம். ஆனாலும் பல கம்பெனிகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. வராவிட்டால் ஆணையம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

ஆணையத்தில் கொடுத்த புகாரை ஏற்பதா வேண்டாமா என்று 21 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கூடுதலாக 15 நாள் அவகாசம் தரலாம். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2020 மார்ச்சில் சொன்னது. அது பழைய சட்டத்தைப் பற்றி எழுந்த கேள்வி. புதிய சட்டத்திலும் அந்தக் கெடு அப்படியே இருக்கிறது.

இந்த இரண்டு விதியையும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். இரண்டிலும் தேதி மட்டும் இல்லை, தேதி தவறினால் என்ன ஆகும் என்பதும் இருக்கிறது. முடிவு சொல்லாவிட்டால் புகார் ஏற்கப்பட்டதாக ஆகிவிடும். பதில் தராவிட்டால் பதில் சொல்லும் உரிமை போய்விடும். என்னைக் கேட்டால், ஒரு சட்டத் திருத்தம் வேலை செய்யுமா செய்யாதா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. தவறினால் என்ன என்று எழுதாத கெடு, வெறும் ஆசை.

## மூன்றாம் இணைப்பு: காலம்

அப்படி வெறும் ஆசையாக நின்றுபோன கெடு ஒன்று இதே சட்டத்தில் இருக்கிறது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள், புகாரை முடிக்க முயல வேண்டும். கூடுமானவரை. அந்த "கூடுமானவரை"க்குள் வருடங்கள் அடங்கிவிடுகின்றன. மூன்று மாதம் தாண்டினால் யாருக்கு என்ன? சட்டத்தில் பதில் இல்லை.

தாமதத்துக்கு முக்கியமான காரணம் சட்ட வாசகம்கூட இல்லை. நாற்காலி. ஒவ்வொரு மாவட்ட ஆணையத்துக்கும் ஒரு தலைவரும் குறைந்தது இரண்டு உறுப்பினர்களும் வேண்டும். நாடு முழுக்க இந்தப் பதவிகள் காலியாகக் கிடக்கின்றனவே, மாநில அரசுகள் நியமிக்கவில்லையே என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தானாகவே முன்வந்து வழக்கு எடுக்க வேண்டி வந்தது. புது உரிமைகள் எல்லாம் அமலுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, விசாரிக்க ஆள் இல்லை. ஒரு மாவட்டத்தில் தலைவர் இல்லாவிட்டால் வேறு மாவட்டத் தலைவருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுக்கலாம் என்று சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் ஒரே மனிதர் இரண்டு ஊருக்கும் நேரத்தைப் பங்கு போட்டால் இரண்டு ஊரிலும் வழக்கு தேங்கும். இதே உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம், இந்தப் பதவிகளைச் சில வருடப் பதவிகளாக வைக்காமல் நிரந்தரமாக்க முடியுமா என்று ஆராயும்படி மத்திய அரசிடம் சொன்னது.

சமவெளியில் ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் அலைச்சல். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர், முழுக்க மலைப்பாதை. நடுவட்டம் பக்கம் மண்சரிவு என்றால் பஸ்ஸே இல்லை. எஸ்டேட்டில் இலை பறிக்கிறவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஊட்டி போய், "அடுத்த மாதம் வாங்க" என்று கேட்டுத் திரும்புகிறார். மூன்றாவது வாய்தாவில் அவர் வரமாட்டார். வராவிட்டால் புகாரே தள்ளுபடி ஆகலாம். கம்பெனியின் வக்கீலுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

இதற்கு 2019 சட்டத்தில் ஒரு மருந்து இருக்கிறது, காணொலி விசாரணை. நேரில் வர முடியாதவர் வீடியோவில் ஆஜராக அனுமதி கேட்கலாம். கேட்கலாம் என்றுதான் இருக்கிறது, தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் அனுமதிக்கலாம். புகாரின் பெரும்பகுதி, உண்மை என்று உறுதி சொல்லி எழுதித் தருகிற பிரமாண வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் வைத்தே நடக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. இந்த இரண்டையும் கேட்டு வாங்கத் தெரிந்தவருக்கு அலைச்சல் பாதியாகக் குறையும். தெரியாதவர் பஸ் ஏறுகிறார்.

## நான்காம் இணைப்பு: தீர்ப்புக்கு அப்புறம்

தீர்ப்பு வந்துவிட்டது. கீசர் விலையும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு தொகையும் தர வேண்டும் என்று ஆணை. இதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

கம்பெனி தராவிட்டால் மறுபடி அதே ஆணையத்தில் ஒரு மனு போட வேண்டும். இதற்கு நிறைவேற்றல் மனு என்று பெயர், ஆணையை அமல்படுத்திக் கொடுங்கள் என்று கேட்பது. சிவில் நீதிமன்றத் தீர்ப்பை எப்படி அமல்படுத்துவார்களோ அப்படியே, சொத்தைப் பறிமுதல் செய்வது உட்பட, இதையும் அமல்படுத்தலாம். அதோடு, ஆணையை மீறினால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்த இணைப்பு எப்படி உடைந்து எப்படிச் சரியானது என்பதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டத்தைத் திருத்தினால் நல்லதுதான் நடக்கும் என்ற எண்ணத்தை அது உடைத்துவிடும். 1986 சட்டத்தில் ஆணையத்தின் எந்த ஆணையையும் நீதிமன்றத் தீர்ப்பைப் போல அமல்படுத்தலாம் என்று இருந்தது. 2002இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2003 மார்ச்சில் அமலுக்கு வந்த அந்தத் திருத்தத்தில், அந்த இடத்தில் "இடைக்கால ஆணை" என்று மட்டும் மாறியது. அதாவது வழக்கு நடக்கும்போது போடுகிற ஆணையை அமல்படுத்தலாம், கடைசித் தீர்ப்பைப் பற்றி வாசகம் பேசவில்லை! ஜெயித்தவர்களின் இறுதி ஆணையை எப்படி அமல்படுத்துவது என்ற குழப்பம், 2020 ஜூலை 20இல் புதிய சட்டம் அமலுக்கு வரும்வரை நீடித்தது. பதினேழு வருடம். அந்த இடைவெளியில் வந்த ஆணைகளுக்கும் "எந்த ஆணையும்" என்றே படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2025 ஆகஸ்டில். பாதுகாப்பைப் பலப்படுத்த என்று கொண்டுவந்த திருத்தம் ஒன்று, இரண்டு வார்த்தையால் எத்தனை பேரின் வெற்றியைக் காகிதமாக்கியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மேல்முறையீட்டில் நல்ல திருத்தம் ஒன்று நடந்திருக்கிறது. தோற்ற கம்பெனி மாநில ஆணையத்துக்குப் போக வேண்டுமானால், முன்பு ஆணைத் தொகையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். பத்து லட்சம் தர வேண்டியவரும் 25,000 கட்டிவிட்டு வருடக்கணக்கில் இழுக்கலாம். இப்போது எவ்வளவு பெரிய தொகையானாலும் பாதியைக் கட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். கட்டாவிட்டால் மேல்முறையீடே இல்லை. இங்கேயும் தவறினால் என்ன என்பது எழுதப்பட்டிருக்கிறது, அதனால் வேலை செய்கிறது.

சுருக்கமாக: விசாரணைக் காலத்துக்குக் கெடு உண்டு, ஆனால் அதற்குப் பல் இல்லை, ஆளும் போதவில்லை. தீர்ப்பை அமல்படுத்துகிற இணைப்பு 2020இல்தான் ஒழுங்காகப் பொருத்தப்பட்டது.

## வழக்கே வராமல் தடுக்க ஓர் அமைப்பு

இதுவரை சொன்ன எல்லாம் ஒரு தனி மனிதர், தன் பணத்துக்காக, தானே போராடுவது. 2019 சட்டம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்று இன்னொன்றையும் உருவாக்கியது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் வேலை வேறு. இது தனிப்பட்ட வழக்கை விசாரிக்காது. ஒரு தவறு ஆயிரக்கணக்கான பேரைப் பாதிக்கும்போது தானே இறங்கும். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லலாம். பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம்.

ஊட்டி, கொடைக்கானல் ஹோட்டல்களில் சாப்பிடுகிறவர்கள் நேரடியாக உணரக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு சர்வீஸ் சார்ஜ். பில்லில் தானாகவே இதைச் சேர்க்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது என்று இந்த அமைப்பு 2022 ஜூலை 4இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2025 மார்ச் 28இல்தான் வழிகாட்டுதல் செல்லும் என்று அந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன் மேலும் மேல்முறையீடு போனது. ஆக, நல்ல விதி ஒன்று அறிவிக்கப்பட்டு, தடையில் இரண்டரை வருடத்துக்கு மேல் நின்றது. ஜிஎஸ்டி வேறு, சர்வீஸ் சார்ஜ் வேறு என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி அரசுக்குப் போகிற வரி. சர்வீஸ் சார்ஜ் ஹோட்டலுக்கே போகிறது, விருப்பம் இருந்தால் மட்டும் கொடுக்கலாம்.

## கடைக்காரர் பக்கத்தையும் பார்க்க வேண்டும்

நுகர்வோர் வசிக்கிற ஊரில் புகார் கொடுக்கலாம் என்ற திருத்தத்தை மேலே புகழ்ந்தேன். அதன் மறுபக்கம் ஒன்று உண்டு. குன்னூரில் வர்க்கியும் டீத்தூளும் பார்சல் அனுப்புகிற ஒரு சின்னக் கடை, திருநெல்வேலியில் ஒருவர் புகார் கொடுத்தால் திருநெல்வேலி ஆணையத்தில் பதில் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனிக்கு எல்லா ஊரிலும் வக்கீல் உண்டு. இவருக்கு? 45 நாளுக்குள் பதில் போகாவிட்டால் இவர் தரப்பைக் கேட்காமலே ஆணை வரலாம். திருத்தம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். பொருளை அவ்வளவு தூரம் அனுப்பி லாபம் பார்ப்பவர் அவ்வளவு தூரத்துக்குப் பொறுப்பும் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் நோட்டீஸ் வந்தால் மேஜைக்குள் போட்டு வைக்கக் கூடாது என்பதை நம் வியாபாரிகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால் வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பவும் புதிய சட்டம் இடம் தருகிறது, சிறு கடைகளுக்கு அது பெரும்பாலும் நல்ல வழி.

## இனி எந்த இணைப்பு?

அடுத்த திருத்தம் வரும்போது நான் எதிர்பார்ப்பது புதிய உரிமைகளை அல்ல. மூன்று மாதக் கெடுவுக்கு ஒரு விளைவு எழுத வேண்டும். கெடு தாண்டிய ஒவ்வொரு வழக்கையும் காரணத்தோடு பொதுவில் வெளியிட வேண்டும் என்று எழுதினாலே பாதி வேகம் வரும். நியாயமற்ற ஒப்பந்தப் புகாரை, தொகை சிறிதாக இருந்தால், மாவட்ட ஆணையமே விசாரிக்க அதிகாரம் தர வேண்டும். தலைவர், உறுப்பினர் ஓய்வுபெறும் தேதி முன்கூட்டியே தெரியும். அந்தத் தேதிக்கு முன்பே நியமனம் முடிந்திருக்க வேண்டும், இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.

நம் மலைக்கு மட்டும் ஒன்று. கூடலூரிலும் பந்தலூரிலும் கொடைக்கானலிலும் தாலுகா அளவில் ஒரு காணொலி அறை, மாதத்தில் குறித்த நாட்களில். புகார்தாரர் தன் தாலுகாவில் வந்து உட்கார்ந்தால் அதுவே ஆஜரானதாக எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். காரணம் காட்டி அனுமதி கேட்கிற சலுகையாக இல்லாமல், மலைத் தாலுகாவில் வசிக்கிறார் என்பதே போதுமான காரணமாக விதியில் எழுதப்பட வேண்டும். அதுவரை, புகார் கொடுக்கிற அன்றே காணொலி விசாரணை கேட்டு ஒரு தனி மனுவையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். ஊரிலிருந்து ஆணையத்துக்கு எவ்வளவு தூரம், நாளைக்கு எத்தனை பஸ், ஒரு நாள் கூலி எவ்வளவு என்று மூன்றையும் அதில் எழுதுங்கள்.